பன்னிரண்டு வேலையற்றோர் தேவை

"வேலை இருக்குதா தம்பி?" என்று கேட்டதற்கு லியோ பிரகாஷ் "இல்ல சார்" என்று சொல்லிவிட்டான். அதுதான் அவன் செய்த தவறு. சூசைமேட்டில் அதுவரைக்கும் யாரும் அப்படிப் பட்டென்று சொன்னது கிடையாது.

சூசைமேட்டில் வேலையில்லாதவர்களுக்கு என்ன குறைச்சல்? வில்லியனூரிலிருந்து உறுவையாறு போகிற வழியில், சூசையப்பர் கோயிலைச் சுற்றிக் கட்டிக்கொண்ட ஊர் அது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு, காலை பத்து மணிக்குக் கோயில் வேப்பமரத்தடியில் இரண்டு கிரிக்கெட் டீமும் ஒரு அம்பயரும் தேறுகிற அளவுக்கு ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் கேட்டுப் பாருங்கள். ஒருத்தன் பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பான். ஒருத்தனுக்குக் கத்தார் விசா வந்துகொண்டே இருக்கும். ஒருத்தன் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறான், என்ன தொழில் என்று மட்டும் கேட்கக் கூடாது. ஊருக்கு ஊர் மானம் என்று ஒன்று உண்டல்லவா, சூசைமேட்டுக்காரர்கள் அதை இப்படிக் காப்பாற்றி வந்தார்கள்.

கேட்டவர் இக்னேஷியஸ் சார். ஏதோ ஒரு சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள், கையெழுத்துப் போட ஒன்றும் இல்லாமல் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்ததாக அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். கோயில் காரியங்களைக் கவனிக்கிற பங்குப் பேரவைக்குத் துணைத் தலைவர் ஆன பிறகுதான் நடுக்கம் நின்றது. கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால் மறைமாவட்ட மேலிடத்திலிருந்து ஒரு சொல் வந்தது. ஒவ்வொரு பங்கும் வேலையிழந்தோருக்குத் துணை நிற்க வேண்டும் என்று. சொன்னவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள். இக்னேஷியஸ் சார் அதைக் கேட்டுக் கண்ணை மூடினார். திறந்தபோது தலைவர், துணைத் தலைவர், செயலர், துணைச் செயலர், பொருளாளர், ஆலோசகர் அத்தனை பேரும் தயார். வேலையிழந்தவர் ஒருவர்தான் பாக்கி.

அந்த ஒருவரைத் தேடித்தான் அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வாசலில் நின்றிருந்தார். லியோ வந்து மாட்டினான். பதினைந்து வருஷம் பிளாஸ்டிக் குடம் செய்கிற கம்பெனியில் மெஷின் பராமரிப்புப் பார்த்தவன். கம்பெனியைக் குஜராத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள், அவனை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவன் மனைவி மரிய செலின் கோயிலின் தையல் பயிற்சி நிலையத்தில் டீச்சராக இருந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள் என்பதைத் தவிர லியோவிடம் பெரிய குறை ஒன்றும் கிடையாது.

வேலையற்றோர் தோழமைப் பணிக்குழுவின் தொடக்க விழா கோயில் மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். தலைவர் செயலருக்குப் பொன்னாடை போர்த்தினார், செயலர் தலைவருக்குப் போர்த்தினார், இருவரும் சேர்ந்து பொருளாளருக்குப் போர்த்தினார்கள். லியோவுக்கு வரும்போது பொன்னாடை தீர்ந்து போயிருந்ததால் ஒரு டவல் போட்டார்கள். பிறகு இக்னேஷியஸ் சார் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்தவர்களே! வேலையில்லாதவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தால் போதாதா, இதற்கு ஒரு பணிக்குழு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். வேலை வாங்கிக் கொடுப்பது சுலபம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். வேலையில்லாதவரோடு உடன் இருப்பதுதான் கடினம். நன்றாக யோசித்துப் பாருங்கள், நாளைக்கே இவருக்கு வேலை கிடைத்துவிட்டால் நாம் யாரோடு உடன் இருப்பது?"

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. லியோவும் தட்டினான்.

மறுநாள் வில்லியனூர் மெயின் ரோட்டில் ஃபிளெக்ஸ் பேனர் ஏறியது. 'வேலையிழந்தோர் வாழ்வில் விடியல்' என்று போட்டு, பணிக்குழு முழுவதும் கோட்டு சூட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே மூலையில், கறுப்பு வெள்ளையில், வட்டத்துக்குள் லியோவின் முகம். இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. வடிவமைத்த பையன் வழக்கமாகக் கண்ணீர் அஞ்சலி பேனர் போடுகிறவன், கை அந்தப் பக்கமே போய்விட்டது. பாகூர் பக்கத்திலிருந்து செலினின் சித்தி ஒருத்தி சேதி கேட்டு, மூன்று பஸ் மாறி, மாலையோடு வந்து இறங்கினாள். கதவைத் திறந்தது லியோ. அவள் மாலையைக் கீழே போட்டுவிட்டு ரோடு வரைக்கும் ஓடினாள்.

அதோடு நின்றதா? ஞாயிறுதோறும் பூசையில் மன்றாட்டு வாசிக்கிற இடத்தில் செயலர் ஜெசிந்தா மேரி கணீரென்று படிப்பார்: "வேலையிழந்து, செய்வதறியாது, குடும்பத்துக்குப் பாரமாக வீட்டில் இருக்கும் எங்கள் சகோதரர் லியோ பிரகாஷுக்காக மன்றாடுவோம்." கோயில் முழுக்க "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முழங்கும். ஒலிபெருக்கி நல்ல கம்பெனிச் சாமான், நாலு ஊருக்குக் கேட்கும். பக்கத்து ஊர் ரைஸ்மில் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று லியோ போனபோது முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்களா? வாராவாரம் காதுல வுழுது. ஒங்களத்தான் கோயில்லயே நல்லா பாத்துக்கறாங்களே! நான் வேற யாருக்காவது குடுக்கறன்."

தவக்காலம் வந்ததும் பயிற்சிகள் ஆரம்பித்தன. முதலில் தன்னம்பிக்கைப் பயிற்சி. நடத்தியவர் இக்னேஷியஸ் சாரின் மைத்துனர். மண்டபத்தில் பயிற்சிக்கு வந்தவன் லியோ ஒருவன்தான் என்பதால் வட்டமாக நிற்கச் சொல்ல முடியவில்லை. "நான் ஒரு சிங்கம்" என்று கையைத் தூக்கிக்கொண்டு கத்தச் சொன்னார். லியோ கத்தினான். பத்தவில்லை என்றார். மறுபடி கத்தினான். பக்கத்து அறையில் தையல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த செலின் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்தது மாதிரி நேர்காணல். பணிக்குழு ஐந்து பேராக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தது.

"உங்கள் பலவீனம் என்ன?" என்று கேட்டார் இக்னேஷியஸ் சார். தினமும் பார்க்கிற ஆளைப் பார்க்கிற முகமாகவே அது இல்லை.

"வேல இல்லாததுதான் சார்."

"ஒன்றரை வருஷமா சும்மா இருந்திருக்கீங்க. காரணம்?"

"கம்பெனிய மூடிட்டாங்க சார். ஒங்களுக்கே தெரியுமே."

"இக்னேஷியஸுக்குத் தெரியும். இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு எப்படித் தெரியும்?"

முடிவு அடுத்த வாரம் அறிவிக்கப்பட்டது. லியோ தேர்வாகவில்லை. பணிக்குழுவின் துணைச் செயலர் தேர்வாகியிருந்தார், அவருக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள்.

"அவரு எப்ப சார் இன்டர்வியூவுக்கு வந்தாரு?"

"போட்டி இல்லாத நேர்காணல் ஒரு நேர்காணலா தம்பி? மனசத் தளர விடாத. அடுத்த மாசம் மறுபடி வெக்கிறோம்."

லியோ வீட்டுக்கு வந்து சொன்னபோது செலின் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இல்லாத வேலக்கிக்கூட ஒங்கள வேணான்னுட்டாங்களா?" என்று கேட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. லியோவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி மூடியபோதுகூட அவனுக்கு இவ்வளவு அசிங்கமாக இருந்ததில்லை.

பரிசுத்த வாரத்துக்கு முந்தின வாரம், உறுவையாற்றுக்குப் போகிற ரோட்டில் ஒரு நெல் அறுவடை மெஷின் வழியை மறித்துக்கொண்டு நின்றிருந்தது. அதை ஓட்டும் ஆத்தூர்க்காரன் தலையில் கை வைத்திருந்தான். சொந்தக்காரர் தங்கவேல் அவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். நிறைய நெல்லும் கரும்பும் போடுகிற விவசாயி அவர். சைக்கிளில் வந்த லியோ இறங்கி, ஒரு பெல்ட்டை இழுத்துப் பார்த்து, சிக்கியிருந்த வைக்கோலைப் பிடுங்கி எறிந்தான். மெஷின் இரைந்தது.

தங்கவேல் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ லியோதான? பேனர்ல பாத்தன். செத்துப்போயிட்டன்னு இல்ல நெனச்சன்!"

"இல்லண்ணே. வேலதான் இல்ல."

"அவ்ளோதானா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அடுத்த வாரம் வியாழக்கெழம காலைல நவரை அறுப்பு ஆரம்பிக்கிறன். மெஷின் கூடவே ஒரு ஆளு வேணும். சீசன் முடிஞ்சா டிராக்டரு, மோட்டாருன்னு வருசம் பூரா வேல இருக்குது. வந்துடு."

நேர்காணல் அவ்வளவுதான். பலவீனம் எதையும் அவர் கேட்கவில்லை. செலினிடம் வந்து சொன்னபோது அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. லியோவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதுவிட்டான்.

அதோடு பேசாமல் வேலைக்குப் போயிருக்கலாம். மரியாதை தெரிந்தவன் பாருங்கள், பணிக்குழுவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான்.

இங்கே சூசைமேட்டுப் பெரிய வியாழனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இயேசுநாதர் சீடர்களின் காலைக் கழுவின மாதிரி, ஈஸ்டருக்கு முந்தின அந்த வியாழக்கிழமை சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். தாழ்மையைக் காட்டும் சடங்கு என்பதால் அந்த நாற்காலிகளுக்குச் சூசைமேட்டில் அடிதடியே நடந்திருக்கிறது. கடைசியில் பதினோரு பெரிய குடும்பங்கள் ஆளுக்கொன்று என்று பிரித்துக்கொண்டன. அப்பனுக்குப் பிறகு மூத்த மகன், அவனுக்குப் பிறகு அவன் மகன். பன்னிரண்டாவது நாற்காலிக்கு மட்டும் வாரிசு கிடையாது. அது இயேசுவைக் காசுக்குக் காட்டிக்கொடுத்த யூதாசின் நாற்காலி. அதில் உட்கார்ந்தவனை அடுத்த வருஷம் வரைக்கும் டீக்கடையில் "இன்னா யூதாசு, காசு வாங்கிட்டியா?" என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். ஆகவே வருஷா வருஷம் யார் வீட்டுக்காவது வந்த, விஷயம் தெரியாத விருந்தாளியைப் பிடித்து உட்கார வைப்பது வழக்கம்.

இந்த வருஷம், பங்குக்குப் புதிதாக வந்த சாமியார் ஒரு காரியம் செய்துவிட்டார். பிரசங்கத்தில், பெரிய வியாழனன்று பன்னிரண்டு வேலையற்றோரின் பாதங்களைக் கழுவப் போகிறோம், மேலிடத்திலிருந்து ஒரு பெரிய சாமியார் வந்து கழுவுவார் என்று அறிவித்தார். வேப்பமரத்தடியிலிருந்து ஒருவரும் அசையவில்லை. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறவன் எப்படி வந்து உட்காருவான்? பதினோரு குடும்பங்களோ அன்றைக்கு இரவே கூடின. நாற்காலியை விடமுடியாது, அது பரம்பரை. ஆகவே வேலையை விட்டார்கள்.

முதலில் இக்னேஷியஸ் சார் எழுந்து, தான் ஓய்வு பெற்றவன், ஆகவே வேலையற்றவன் என்று அறிவித்துக்கொண்டார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டுக்காரர், "பென்ஷன் அதும்பாட்டுக்கு வருது, நான் ஒரு வேலயும் செய்யில" என்றார். மில் வைத்திருப்பவர், "மில்லுதான ஓடுது? நான் உக்காந்துதான இருக்கன்" என்றார். பில்டிங் கான்ட்ராக்டர், "வேல செய்யிறது ஆளுங்க. நான் கொட புடிச்சிக்கினு நிக்கிறதோட சரி" என்றார். பேங்க் மேனேஜர் ஒருவர், பெரிய வியாழன் சாயந்திரம் தனக்கு வேலை கிடையாது என்று சத்தியம் செய்தார். வேலையின்மை என்பது அடிப்படையில் ஒரு மனநிலைதான் என்று பணிக்குழு ஏகமனதாக முடிவு செய்து பதினோரு பேரையும் ஏற்றுக்கொண்டது. சூசைமேட்டு வரலாற்றிலேயே ஒரே ராத்திரியில் அத்தனை பேர் வேலையிழந்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டாவது நாற்காலிக்கு லியோ என்று அவனைக் கேட்காமலே எழுதியாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அவன் வேலை கிடைத்த சேதியோடு போய் நின்றான்.

இக்னேஷியஸ் சார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "இப்பப் போயா?" என்றார். "எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்பிடிப்பா வேலை தேடுவ?"

"தேடலீங்க சார். வழியில நின்னுக்கினு இருந்துது."

"ஈஸ்டர் முடிஞ்சு போயேன். வியாழக்கிழமை வரைக்கும் வேலையில்லாதவனா இரு, அதுக்கப்புறம் உன் இஷ்டம். பெரிய இடத்துச் சாமி வர்றாரு. பன்னெண்டு பேர்ல ஒருத்தராவது உண்மையானவரா இருக்க வேணாமா?"

"வியாழக்கெழமதான் சார் அறுப்பே. மழ வேற வர்ற மாதிரி இருக்குது. போகலன்னா வேற ஆளப் போட்டுடுவாரு."

இக்னேஷியஸ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் மெதுவாகிவிட்டது. "செலின் தையல் நிலையத்துல நல்லாத்தான் பண்ணுது. ஒரே வீட்டுல ரெண்டு சம்பளம் போனா, மத்த குடும்பம் என்ன நெனைக்கும்னு பேரவையில ஒரு பேச்சு வந்துது. நான்தான் தடுத்து வெச்சிருக்கேன். யோசிச்சுக்க."

லியோ யோசித்தான். வேலையில்லாதவருக்குத் துணை நிற்கிற பணிக்குழு, அவன் வேலைக்குப் போனால் அவன் மனைவியின் வேலையை எடுத்துவிடும் என்பது வரைக்கும் புரிந்தது. அதற்கு மேல் எப்படி யோசித்தும் ஓடவில்லை. செலின்தான் வழி சொன்னாள். "பகல்ல வயலுக்குப் போங்க. சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்டுக்கினு வந்து ஒக்காந்துட்டுத் திரும்பிப் போங்க. ரெண்டு வேலயும் நிக்கட்டும்." தங்கவேல் முணுமுணுத்தார். ராத்திரி முழுக்க விளக்குப் போட்டு அறுக்கப் போகிறேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் ஆத்தூர்க்காரன் தன் மச்சானைக் கூட்டிவந்துவிடுவான், பிறகு என்மேல் வருத்தப்படாதே என்று சொல்லி அனுப்பினார்.

பெரிய வியாழன் சாயந்திரம் கோயில் நிரம்பி வழிந்தது. பதினோரு வேலையற்றோரும் பட்டு வேட்டியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பாதம் கழுவ வருகிறவருக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்று எல்லோரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டு வந்திருந்தார்கள். சொல்தா வீட்டுக்காரர் சென்ட் அடித்திருந்தார். கான்ட்ராக்டர் வில்லியனூருக்குப் போய் பியூட்டி பார்லரில் கால் இரண்டையும் கொடுத்து வாங்கி வந்திருந்தார்.

முந்தின நாள் பெய்த மழையில் வயல் உளையாகக் கிடந்தது. லியோ முழங்கால் வரை சேறும், அதன்மேல் கிரீஸும், அதன்மேல் ஒட்டின நெல் தூசுமாக வந்து சேர்ந்தான். கோயில் குழாயில் கழுவிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அங்கே ஜெசிந்தா மேரி வெள்ளிக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தண்ணி வுடுங்கக்கா. கால் கழுவிக்கறன்."

"அய்யய்யோ, இது பாதம் கழுவுற தண்ணி! இதுல போயி கால் கழுவுவாங்களா? தொட்டில தண்ணியே இல்ல, இதான் கடைசி. போய் ஒக்காருப்பா, பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க."

போய் உட்கார்ந்தான். பெரிய சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சட்டைக் காலரில் மைக்கோடு, முதல் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டார். ஒவ்வொருவரைப் பற்றியும் ஜெசிந்தா மேரி ஒரு முன்னுரை வாசித்தார். இவர் அரிசி மில் உரிமையாளர், இரண்டு மண்டபங்களுக்குச் சொந்தக்காரர், தற்போது வேலையற்று வாடுபவர். தண்ணீர் ஊற்றினார்கள், துடைத்தார்கள், சாமியார் பாதத்தை முத்தமிட்டார். பதினோரு பேர் முடிந்தபோது பித்தளைத் தட்டத்தில் இருந்த தண்ணீரை எடுத்துக் குடிக்கலாம், அப்படி இருந்தது. பெரிய சாமியார் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "எத்தனையோ பங்குகளில் ஏழைகளின் பாதங்களைக் கழுவியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான பாதங்களை நான் பார்த்ததே இல்லை. இதுதான் இந்தப் பணிக்குழுவின் வெற்றி."

பிறகு பன்னிரண்டாவது நாற்காலிக்கு வந்தார். லியோவின் வலது காலைத் தட்டத்தில் வைத்தார்கள். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியதும் தட்டம் கறுப்பாயிற்று. இன்னொரு செம்பு ஊற்றினார்கள். சேறு கரைய ஆரம்பித்தது, கிரீஸ் கரையவில்லை. சாமியாரின் வெள்ளை அங்கியில் நாலு சொட்டுத் தெறித்தது. சேற்றோடு ஒரு நத்தையும் மெதுவாகத் தட்டத்தின் விளிம்பில் ஏறியது.

"இது என்னப்பா?" என்றார் பெரிய சாமியார். மைக் காலரில் இருந்ததை அவர் மறந்துவிட்டார்.

"நத்த சாமி."

"அதில்லை. எங்கேயிருந்து வருகிறாய்?"

"வயல்லருந்து சாமி. வேல. அறுவட மெஷின்ல."

நாலு ஊருக்குக் கேட்டது. முதல் நாற்காலியிலிருந்து இக்னேஷியஸ் சார், ஈரக் காலோடு எழுந்து ஓடிவந்து ஜெசிந்தா மேரியின் மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் மன்னிக்க வேண்டும்! நம்மில் ஒருவர் நம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டார். வேலையில்லாதவர்களுக்குரிய நாற்காலியில், வேலை செய்கிற ஒருவர், எந்தக் கூச்சமும் இல்லாமல், வேலை செய்த காலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்தக் காலைக் கழுவ முடியாது. விதிமுறையில் இடமில்லை."

மற்ற பத்துப் பேரும் தங்கள் சுத்தமான பாதங்களைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். மில்காரர் "சே" என்றார். பெரிய சாமியார் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, பங்குச் சாமியாரைப் பார்த்தார். பங்குச் சாமியார் பாடகர் குழுவைப் பார்த்தார். பாடகர் குழு ஒன்றும் புரியாமல் ஒரு பாட்டை ஆரம்பித்தது.

லியோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "அப்ப நான் போலாமா சார்?" என்று கேட்டான். வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை. ஒரு கால் கழுவியும் ஒரு கால் கழுவாமலும் நடுவழியே நடந்து வெளியே போனான். பெண்கள் பக்கத்தில் செலின் எழுந்து நின்று, அவன் வாசல் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவன் வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆத்தூர்க்காரன் மச்சானுக்குப் போன் போட்டு முடித்திருந்தான். தங்கவேல் அந்த மச்சானை வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்.

ஈஸ்டருக்கு மறுநாள் தையல் நிலையத்துக்குப் போன செலினை ஜெசிந்தா மேரி வாசலிலேயே நிறுத்தினார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான்டி இருக்குது. ஒரே வூட்ல ரெண்டு சம்பளம் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டாங்க. கணவருக்கு வேலை கிடைத்த மகிழ்ச்சியில் விடைபெறுகிறார்னு எழுதியிருக்கோம்." செலின் கத்திரிக்கோலையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆறு வருஷம் அங்கே வேலை பார்த்தவள். லியோ வருகிற வரைக்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

சாயந்திரம் வாசலில் செருப்புகள் நிறைந்தன. பதினோரு பேரும் வந்திருந்தார்கள். இந்த முறை பொன்னாடை முன்யோசனையோடு வாங்கப்பட்டிருந்தது. இக்னேஷியஸ் சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நடந்தத மனசுல வெச்சுக்காத தம்பி. நீ எங்களவிட்டுப் போனதுல பணிக்குழு தவிச்சுப் போச்சு. ஆனா ஒரு கதவு மூடினா இன்னொரு கதவு உங்க வீட்டுலயே தொறந்திருக்குது. அம்மா செலின், இந்த வட்டாரத்துலயே முதல் தடவையா வேலையற்ற மகளிர் பிரிவு தொடங்குறோம். முதல் உறுப்பினர் நீதான். ஞாயித்துக்கிழமை ஆரம்ப விழா. போட்டோ ஒண்ணு வேணும்."

லியோ வாயைத் திறந்தான். செலின் அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள். அவள் முகம் அமைதியாக இருந்தது.

"எனக்கு இன்னா சார் அவசரம். ஒங்க பதினோரு பேரையும் நெனச்சாதான் எனக்குத் தூக்கமே வரல. வேல இல்லாம வாடுறாங்கன்னு அன்னிக்கு மைக்குல கேட்டதுலருந்து மனசே சரியில்ல. இன்னாங்க, தங்கவேல் அண்ணனுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

லியோவுக்கு அப்போதுதான் விளங்கியது. போட்டான்.

"அண்ணே, களத்துல மூட்ட தூக்க ஆளு பத்தலன்னு சொன்னீங்களே. இங்க பதினோரு பேரு வேல இல்லாம இருக்காங்க. எல்லாரும் கோயில் சாட்சியா வேல இல்லாதவங்க."

"பதினோரு பேரா!" போனில் தங்கவேலின் குரல் துள்ளியது. "சாமி மாதிரி வந்த போ. நிக்கச் சொல்லு, இப்பவே குட்டியானை வண்டிய அனுப்பறன். ராத்திரிக்குள்ள மூட்டய ஏத்தணும், மழ கட்டிக்கினு நிக்குது."

குட்டியானை வருவதற்குள் நடந்ததை எல்லாம் சொல்லி முடியாது. மில்காரருக்கு மில்லில் தன்னைத் தவிர வேறு யாரும் பொறுப்பில்லை என்பது ஞாபகம் வந்தது. பேங்க் மேனேஜருக்குத் தணிக்கை. கான்ட்ராக்டருக்குக் கூரை கான்கிரீட், அதுவும் இருட்டுவதற்குள். சொல்தா வீட்டுக்காரருக்குப் பிரான்ஸிலிருந்து போன் வருகிற நேரம். இக்னேஷியஸ் சார் தான் ஐந்து பணிக்குழுக்களுக்குத் தலைவர் என்றும், அதைவிடப் பெரிய வேலை இந்த வட்டாரத்தில் யாருக்காவது இருந்தால் காட்டு என்றும் தெருவில் நின்று கேட்டார். யாரும் காட்டவில்லை. வண்டியின் ஹாரன் கேட்டதும், பொன்னாடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் நடையைக் கட்டினார். ஒருவர் அவசரத்தில் இன்னொருவர் செருப்பில் போய்விட்டார்.

செலின் வாசற்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுதாள். லியோ அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, வந்த வண்டியை வெறுமனே அனுப்ப மனமில்லாமல் தான் ஒருவனாக ஏறிக்கொண்டு மூட்டை தூக்கப் போனான்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிவில் பங்குச் சாமியார் அறிவிப்பு வாசித்தார். பணிக்குழுவின் அயராத உழைப்பால், ஈஸ்டர் முடிந்த ஒரே நாளில், பங்கின் பதினோரு வேலையற்றோருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்றும், இதைக் கேள்விப்பட்ட மேலிடம் மிகவும் மகிழ்ந்திருக்கிறது என்றும் சொன்னார். கோயிலே எழுந்து நின்று கைதட்டியது.

அந்த நேரத்தில் செலின் வில்லியனூர் பஜாரில் ஒரு ஜவுளிக்கடை வாசலில், தைக்க ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள்.